பேலியோ வில்லை: வீட்டில் செய்யும் முறையும் அதன் கணக்கும்

சென்னை மாநகரின் தென்பகுதியிலும் நடுப்பகுதியிலும் வாழ்வோரிடையே சில ஆண்டுகளாகப் ‘பேலியோ’ என்னும் சொல் பெரிதும் வழங்கி வருகிறது. மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவிலும், தியாகராய நகர் நடேசன் பூங்காவிலும், அடையாற்றின் நிழற்சாலைகளிலும் காலையில் நடை பயில்வோர் தம் உடல் எடையையும் இரத்தச் சர்க்கரையையும் பற்றிப் பேசுங்கால் இச்சொல்லும் உடன் வருகிறது. சோறும் இட்லியும் தவிர்த்தோர் இடைவேளைப் பசிக்கு எதை உண்பது என்னும் கேள்விக்கு விடையாக, கொட்டைகளையும் விதைகளையும் சேர்த்து இறுக்கி, உறையிட்ட வில்லைகள் அங்காடிகளில் ‘எனர்ஜி பார்’ என்னும் பெயரால் விற்கப்படுகின்றன. அவற்றை வீட்டிலேயே செய்துகொள்ளும் முறையையும், அதில் கவனிக்க வேண்டிய உண்மைகளையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகரத்தாரின் சிற்றுண்டி நெசவாளர்க்கும் வேளாளர்க்கும் எதற்கு என்று அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். காரணம் இரண்டு. முதலாவது, அவ்வில்லைக்கு வேண்டிய எள்ளும் தேங்காயும் நம் நிலத்தில் விளைபவை. முந்திரியும் தேனும் நம்மவர் விற்பவை. மூட்டையாக விற்கும்போது கிடைக்கும் விலைக்கும், உறையிட்ட வில்லையாக நகரத்தார் கொடுக்கும் விலைக்கும் உள்ள தூரத்தை நாம் அறிந்திருத்தல் வேண்டும். இரண்டாவது, தறிக்குழியில் கால் வைத்து நாள் முழுதும் ஒரே இருக்கையில் பணிபுரியும் நெசவாளர், இடையிடையே சர்க்கரை இட்ட தேநீரும் பன்னும் பிஸ்கோத்துமே உண்டு பசியாறுவதை நாம் எங்கும் காண்கிறோம். நீரிழிவு நகரத்துச் செல்வர் நோய் என்னும் எண்ணம் இன்று பொருந்தாது. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து நாடெங்கும் நடத்திய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியாயிற்று. அதன்படி நாட்டில் வயது வந்தோருள் 11.4 சதவிகிதத்தினர் நீரிழிவு உடையவர். நகர்ப்புறத்தில் இது 16.4 சதவிகிதம்; கிராமப்புறத்திலும் 8.9 சதவிகிதம். ஆகவே இடைவேளையில் வாயில் இடும் பண்டம் யாது என்பது நம் எல்லோர்க்கும் உரிய கேள்வியே.

பேலியோ என்பது யாது?

உழவுத் தொழில் தோன்றுவதற்கு முன்பு, வேட்டையாடியும் கிழங்கு, கனி, கொட்டை முதலியவற்றைத் திரட்டியும் மக்கள் வாழ்ந்த நெடுங்காலத்தைப் பழைய கற்காலம் என்பர். ஆங்கிலத்தில் அதற்குரிய பெயரின் சுருக்கமே ‘பேலியோ’. அக்காலத்து உணவே மனித உடலுக்கு இயல்பானது என்னும் கருத்தை வால்டர் வோக்ட்லின் என்னும் அமெரிக்க மருத்துவர் 1975-ல் ஒரு நூலாக வெளியிட்டார். 1985-ல் ஈட்டன், கானர் என்னும் இரு அறிஞர்கள் மருத்துவ ஏடொன்றில் இதுபற்றி எழுதிய கட்டுரை அறிஞர் கவனத்தை ஈர்த்தது. 2002-ல் லோரன் கார்டெய்ன் எழுதிய நூல் இதைப் பொதுமக்களிடம் பரப்பியது. தமிழ் மக்களிடையே இம்முறையைக் கொண்டு சேர்த்ததில் ‘நியாண்டர் செல்வன்’ என்னும் புனைபெயரில் எழுதுபவருக்கும், ‘ஆரோக்கியம் & நல்வாழ்வு’ என்னும் முகநூல் குழுவிற்கும் பெரும்பங்கு உண்டு.

இம்முறையின் விதிகளைச் சுருங்கக் கூறலாம். அரிசி, கோதுமை, கேழ்வரகு முதலிய தானியங்கள் விலக்கு. துவரை, உளுந்து, கடலை முதலிய பயறு வகைகளும் விலக்கு. சர்க்கரையும் ஆலையில் பதப்படுத்திய பண்டங்களும் விலக்கு. இறைச்சி, மீன், முட்டை, காய்கறி, கனி, கொட்டை, விதை ஆகியவை ஏற்புடையன. மேனாட்டார் பாலையும் விலக்குவர். தமிழ்நாட்டில் இதைப் பின்பற்றுவோர் பலர் நெய், வெண்ணெய், பன்னீர் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்கின்றனர்.

இவ்விதிகளின்படி பார்த்தால், 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற புகழ்மிக்க கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் பேலியோவில் இடமில்லை. நிலக்கடலை பயறு இனத்தைச் சேர்ந்த செடியின் விதை. அதைப் பிணைப்பதோ வெல்லப்பாகு. நிலக்கடலை பயிரிடும் அங்கத்தினர்கள் இதனால் மனம் வருந்த வேண்டுவதில்லை. 100 கிராம் நிலக்கடலையில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் உண்டு. விலை நோக்கிப் பார்த்தால் அதற்கு இணையான கொட்டை அரிது. ஒரு குறிப்பிட்ட விதிக்குள் அது வரவில்லை என்பதைத் தவிர அதன்மேல் வேறு குற்றம் இல்லை. பேலியோ விதியை மேற்கொள்ளாதவர் கீழே கூறும் வில்லையில் பாதாமுக்கு ஈடாக வறுத்த நிலக்கடலையைத் தாராளமாகச் சேர்க்கலாம்.

பல்லாவரத்துக் கற்கோடரி கூறுவது

கற்கால மனிதன் எங்கோ மேனாட்டில் வாழ்ந்தவன் அல்லன். 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், நிலவியல் அறிஞர் ராபர்ட் புரூஸ் ஃபூட், இன்றைய சென்னையின் தெற்கெல்லையிலுள்ள பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதற்சான்றாய் அமைந்தது அக்கருவியே. அவர் திரட்டிய பொருள்களை 1904-ல் சென்னை அருங்காட்சியகம் வாங்கிற்று. நகரின் வடமேற்கே அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு அவர்களும் குழுவினரும் அகழ்ந்தெடுத்த கற்கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழைமையானவை என்று 2011-ல் அறிவிக்கப்பட்டது. அங்கே விலங்குப் பற்களின் புதைபடிவங்களும் கிடைத்துள்ளன.

எனினும் அம்மக்கள் தம் உணவுப் பட்டியலை எழுதி வைத்துச் செல்லவில்லை. கலிபோர்னியாவிலிருந்து கப்பலேறி வரும் பாதாமை அவர்கள் கண்டிருக்க இயலாது என்பது மட்டும் உறுதி. பிற நாட்டுச் சான்றுகளும் இன்றைய விதிகளோடு முற்றிலும் பொருந்துவதில்லை. ஈராக்கிலுள்ள ஷானிதார் குகையில் வாழ்ந்த நியாண்டர்தால் மனிதரின் பற்காரையில் புல்விதைகளின் மாவுச்சத்தும், அது சமைக்கப்பட்டதற்கான அடையாளமும் காணப்பட்டதாக 2011-ல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஆகவே ‘முன்னோர் உண்டனர்’ என்னும் ஒரே காரணத்தால் ஒரு பண்டத்தை ஏற்கவோ தள்ளவோ இயலாது. உடலில் அது என்ன செய்கிறது என்பதே உரைகல்லாகும்.

அவ்வுரைகல்லில் தேய்த்துப் பார்த்தோரும் உண்டு. சுவீடன் நாட்டில், இதய நோயும் சர்க்கரைக் கோளாறும் உடைய 29 ஆடவரைக் கொண்டு 12 வாரம் நடத்திய சோதனை 2007-ல் வெளியாயிற்று. பேலியோ உணவு உண்டோர்க்கு இரத்தச் சர்க்கரை நன்கு சீர்ப்பட்டது. அதே நாட்டில் 70 மகளிரைக் கொண்டு இரண்டு ஆண்டுகள் நடத்திய சோதனை 2014-ல் வெளிவந்தது. ஆறாம் மாதத்தில் பேலியோ உண்டோர் மிகுதியான கொழுப்பைக் குறைத்திருந்தனர். இரண்டு ஆண்டு முடிவிலோ மற்ற உணவு உண்டோர்க்கும் அவர்க்கும் இடையே அவ்வேறுபாடு நிலைக்கவில்லை. சர்க்கரையையும் மாவுப்பண்டங்களையும் குறைப்பதால் நன்மை உண்டு என்பதையும், அது நீடித்த பழக்கத்தால்தான் நிலைபெறும் என்பதையும் இவற்றால் அறிகிறோம்.

வில்லையைப் பிணைப்பது எது?

இனி வில்லைக்கு வருவோம். கொட்டையும் விதையும் தாமாக ஒட்டிக்கொள்ளா. அவற்றைச் சேர்த்துப் பிடிக்க ஒரு பிணைப்புப் பொருள் வேண்டும். ஒரு வில்லை நல்லதா அல்லதா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது இப்பொருளே.

கடலைமிட்டாயைப் பிணைப்பது வெல்லப்பாகு. ஒருவர் கடலைக்குச் சரியெடை வெல்லம் சேர்ப்பாராயின் 30 கிராம் துண்டொன்றில் வெல்லம் மட்டும் ஏறத்தாழ 15 கிராம் இருக்கும். பேலியோ வில்லை செய்வோர் வெல்லத்தை விலக்கிவிட்டுப் பேரீச்சம்பழத்தையோ தேனையோ சேர்க்கின்றனர். இங்கேதான் பலரும் ஏமாந்து போகின்றனர். உலர்ந்த பேரீச்சையில் மூன்றில் இரண்டு பங்கு எடை சர்க்கரையே. தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. பேரீச்சையில் நார்ச்சத்து உண்டு, தேனில் மணம் உண்டு என்பன உண்மையே. ஆயினும் 15 கிராம் வெல்லத்தை எடுத்துவிட்டு 15 கிராம் தேனை வைத்தால் உடலுக்குக் கிட்டும் ஆதாயம் மிகச் சிறிது. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட நெறிமுறையும், ஒரு நாளைய சக்தியில் 10 சதவிகிதத்துக்குக் குறைவாகவே அடங்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில் தேனையும் சேர்த்துள்ளது. 2,000 கலோரி உண்பவருக்கு அது நாளொன்றுக்கு 50 கிராம். அதிலும் பாதியாகக் குறைத்தால் இன்னும் நன்று என்பது அந்நிறுவனத்தின் கருத்து.

அவ்வாறாயின் வேறு வழி யாது? நம் வீட்டுப் பெரியோர் எள்ளுருண்டை பிடித்த முறையில் அவ்வழி உள்ளது. எள்ளைப் பாகில் கொட்டி உருட்டுவது ஒரு முறை. எள்ளை வறுத்து உரலில் இட்டு இடித்து, எண்ணெய் கசிந்து வரும் பதத்தில் சிறிது வெல்லம் சேர்த்து மேலும் இடித்து உருட்டுவது மற்றொரு முறை. முதல் முறையில் பிணைப்பது பாகு. இரண்டாவது முறையில் பிணைப்பது பெரும்பாலும் எள்ளின் எண்ணெய். இரண்டாவது முறையையே வில்லைக்கும் கைக்கொண்டால், இனிப்பைப் பாதியாகக் குறைத்தாலும் வில்லை உதிராமல் நிற்கும். கொப்பரைக்கும் இவ்வியல்பு உண்டு; அதன் எடையில் பாதிக்கு மேல் எண்ணெயே. அரைக்க அரைக்க அது குழம்பாகி, ஆறியபின் இறுகும்.

சரக்கும் அளவும்

கீழ்க்காணும் அளவு 16 வில்லைகளுக்கு உரியது.

பாதாம் பருப்பு — 150 கிராம்
துருவிய கொப்பரை — 75 கிராம்
எள் (கறுப்பு அல்லது வெள்ளை) — 50 கிராம்
தோல் நீக்கிய பறங்கி விதை — 50 கிராம்
கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் — 100 கிராம்
நெய் — 15 கிராம்
சுக்குப்பொடி, ஏலப்பொடி — ஒவ்வொரு சிட்டிகை
உப்பு — ஒரு சிட்டிகை

நகரில் வாழ்வோர் இவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. மயிலை மாட வீதிகளின் மளிகைக் கடைகளில் கொப்பரையும் எள்ளும் கிடைக்கும். சுக்கும் ஏலமும் கச்சேரி சாலையிலுள்ள டப்பா செட்டி கடை போன்ற நாட்டு மருந்துக் கடைகளில் தரமாகக் கிடைக்கும். எள்ளைத் திறந்த மூட்டையிலிருந்து வாங்குவோர் ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்து, காறல் வாடை இல்லாததையே வாங்குக.

செய்முறை

முதலில் எள்ளைக் களைந்து, கல் அரித்து, துணியில் பரப்பி நன்றாக உலர்த்துக. பாதாமை முதல் நாள் இரவே ஊறவைத்துப் பின் உலர்த்தும் பழக்கம் பேலியோ அன்பர்களிடம் உண்டு. ஊறினால் மெல்லுவதற்கு எளிதாகும், தோலும் நீங்கும். சத்து பெரிதும் கூடுவதற்கு வலுவான சான்று இல்லை. ஊறவைப்போர் ஈரம் முற்றிலும் அகலும்வரை உலர்த்துதல் இன்றியமையாதது. ஈரம் சிறிது தங்கினும் வில்லையில் பூஞ்சை பற்றும்.

அடி கனத்த வாணலியை இளஞ்சூட்டில் வைத்துப் பாதாமை உள்ளே பொன்னிறம் காணும்வரை வறுக்கவும். பின்னர் பறங்கி விதையை அது உப்பி வெடிக்கத் தொடங்கும்வரையும், எள்ளை அது படபடவென்று பொரியும்வரையும் தனித்தனியே வறுக்கவும். எல்லாவற்றையும் ஒருங்கே வறுத்தால் பாதாம் வேகுமுன் எள் கருகிக் கசப்பேறிவிடும். கொப்பரைத் துருவலை இறுதியில், வாணலியின் மீதிச் சூட்டிலேயே புரட்டினால் போதும்.

வறுத்தவை முழுதும் ஆறியபின் எள்ளில் பாதியையும் கொப்பரையில் பாதியையும் மிக்சியில் இட்டு, எண்ணெய் கசிந்து குழம்பாகும்வரை விட்டுவிட்டு அரைக்கவும். உரல் உள்ளவர் இடிக்கலாம், அதுவே மேலானது. பாதாமை மட்டும் ஒன்றிரண்டாகப் பொடித்துக்கொள்க. பேரீச்சம்பழம் கடினமாக இருப்பின் நீரில் ஊறவைக்கலாகாது. நீர் சேர்ந்தால் வில்லை விரைவில் கெடும். இட்லிப் பானையில் ஐந்து நிமிடம் ஆவி காட்டி, துணியால் ஒற்றி எடுத்து, நெய்யுடன் சேர்த்து மசிக்கவும்.

இனி எல்லாவற்றையும் ஓர் அகன்ற பாத்திரத்தில் கொட்டிக் கையால் நன்கு பிசைக. ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பார்க்கவும். உருண்டையாக நின்றால் பதம் சரி. உதிர்ந்தால் மேலும் பேரீச்சை சேர்க்க மனம் நாடும். அதற்கு இடம் கொடாமல், மீதியுள்ள எள்ளில் ஒரு பகுதியை எடுத்து அரைத்துச் சேர்க்கவும். நெய் தடவிய தட்டில் இக்கலவையைப் பரப்பி, அடி தட்டையான கிண்ணத்தால் ஓங்கி அழுத்துக. அழுத்தம் குறைந்தால் வெட்டும்போது பொடியும். இரண்டு மணி நேரம் குளிர்ந்த இடத்தில் வைத்திருந்து, கூரிய கத்தியால் நான்கு நீள வரியும் நான்கு குறுக்கு வரியுமாக 16 வில்லைகள் போடலாம்.

இவ்வாறு செய்த வில்லை ஒன்று ஏறத்தாழ 27 கிராம் எடை இருக்கும். அதில் ஏறத்தாழ 145 கலோரி, 4 கிராம் புரதம், 12 கிராம் கொழுப்பு உண்டு. பேரீச்சையிலிருந்து வரும் சர்க்கரை 4 கிராம் அளவே. சரியெடை வெல்லம் சேர்த்த மிட்டாய்த் துண்டோடும், இரண்டு கரண்டி சர்க்கரை இட்ட ஒரு குவளைத் தேநீரோடும் இதனை ஒப்பிட்டுப் பார்க்குக.

தேன் சேர்க்க விரும்புவோர் பேரீச்சைக்கு ஈடாக 60 கிராம் தேன் சேர்க்கலாம். தேன் என்றவுடன் நம்மவர் நினைவிற்கு வர வேண்டியது மார்த்தாண்டம். ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு நிலையத்தில் டாக்டர் ஸ்பென்சர் ஹாட்ச் தேனீ வளர்ப்பைப் பரப்பியதைத் தொடர்ந்து, 1937-ல் அங்கே தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. மார்த்தாண்டம் தேன் 2023-ல் புவிசார் குறியீடும் பெற்றது. கூட்டுறவால் ஒரு சிறு பொருளுக்கும் பெரும்பெயர் கிட்டும் என்பதற்கு இது நம் கண்முன் உள்ள சான்று.

இனிப்பே வேண்டாதவர்க்கு

நீரிழிவு உடையோரும் இனிப்பை அறவே விலக்கியோரும் முட்டையின் வெண்கருவால் வில்லையைப் பிணைக்கலாம். மேற்கூறிய அளவில் பேரீச்சையை நீக்கி, இரண்டு முட்டை வெண்கருவை நுரைக்க அடித்துச் சேர்த்து, மிளகுப்பொடியும் உப்பும் சற்றுக் கூட்டிப் பிசைந்து தட்டில் அழுத்துக. அடுமனை அடுப்பு உள்ளவர் 150 பாகைச் சூட்டில் 25 நிமிடம் வேகவைக்கலாம். அஃது இல்லாதவர், கனத்த பாத்திரத்தில் மணல் பரப்பி, அதன்மேல் தாங்கி வைத்துத் தட்டை ஏற்றி மூடி, மேற்புறம் உலர்ந்து சிவக்கும்வரை சிறுதீயில் வைக்கலாம். சூடாக இருக்கும்போதே வரி கீறிவிடுதல் நன்று. இவ்வகையைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து நான்கு நாள்களுக்குள் உண்டுவிட வேண்டும்.

கடற்காற்றும் சேமிப்பும்

சென்னையில் வில்லையின் பகை கடற்காற்று. மயிலையிலும் அடையாற்றிலும் காற்றில் ஈரம் எப்போதும் மிகுதி; ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். தேனும் பேரீச்சையும் அவ்வீரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போகும். கொட்டைகளின் எண்ணெயோ வெப்பமும் வெளிச்சமும் பட்டால் காறலெடுக்கும். ஆகவே வில்லைகளை எண்ணெய்த்தாளில் தனித்தனியே சுற்றி, நன்கு உலர்ந்த எவர்சில்வர் டப்பாவில் இறுக மூடி வைக்க வேண்டும். பேரீச்சை வில்லை வெளியில் ஒரு வாரமும், குளிர்பதனப் பெட்டியில் மூன்று வாரமும் வைத்திருக்கக்கூடியது. வாடை மாறினாலும் வெண்புள்ளி கண்டாலும் சுரண்டிவிட்டு உண்ணாமல் முழுவதையும் கழித்துவிடுக.

கணக்கு எழுதிப் பார்த்தல்

சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்பவன் என்ற முறையில் இங்கே சில சொற்கள் கூற விரும்புகிறேன். மேற்கூறிய சரக்கின் எடையில் பாதாம் மூன்றில் ஒரு பங்குதான்; விலையிலோ முதற்பங்கு அதற்கே செல்கிறது. அப்பணம் பெரும்பாலும் கடல் கடந்து போகிறது. பாதாம் இன்றியும் வில்லை செய்யலாம். பண்ருட்டிப் பகுதி முந்திரி 100 கிராம், எள் 100 கிராம், கொப்பரை 100 கிராம், பறங்கி விதை 50 கிராம், பேரீச்சை 75 கிராம் என்னும் அளவில் கலந்து, எள்ளில் முக்கால் பங்கை அரைத்துச் சேர்த்தால் நெய்யும் தேவைப்படாது. முந்திரியில் பாதாமைவிட மாவுச்சத்து மிகுதி என்பதால், சர்க்கரைக் கணக்குப் பார்ப்போர் ஒரு வில்லையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எள்ளின் பங்கு கூடுவதால் சுண்ணாம்புச் சத்து மிகுதியாகக் கிடைப்பது இதன் சிறப்பு. பறங்கி விதையோ, பல வீடுகளில் காயை அரிந்ததும் குப்பைக்குச் செல்வது. 100 கிராமில் ஏறத்தாழ 30 கிராம் புரதம் உடைய அதனை உலர்த்தி உரித்து எடுப்போர் மிகச் சிலரே.

அங்கத்தினர் இல்லங்களிலுள்ள மகளிர் சேர்ந்து இதனை விற்பனைக்குச் செய்ய விழைந்தால், முதல் நாளிலேயே ஓர் ஏடு திறக்க வேண்டும். அதில் ஐந்து தலைப்புகள் இருக்கட்டும்: சரக்கு, எரிபொருள், உறை, கழிவு, கூலி. எள்ளைக் களையும்போதும் பறங்கி விதையை உரிக்கும்போதும் குறையும் எடையைக் கழிவில் எழுதாவிடில் வில்லையின் அடக்கவிலை பிழைபடும். அதனினும் பெரிய பிழை கூலியை எழுதாமல் விடுவது. ‘நம் வீட்டுப் பெண்கள்தாமே செய்கிறார்கள்’ என்று அவர்தம் உழைப்பை இலவசமாகக் கொண்டு இலாபம் காட்டும் தொழில், ஏட்டளவில் மட்டுமே இலாபம் உடையது. தறியில் பாவு ஓட்டும் வேலையையும் தார் சுற்றும் வேலையையும் வீட்டு மகளிர் செய்து, கூலிக் கணக்கில் அவர் பெயர் ஏறாமலே போன கதையை நெசவாளர்க்கு எடுத்துக் கூற வேண்டுவதில்லை. அதே தவறு இப்புதிய தொழிலிலும் நேரலாகாது.

விற்போர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவோ உரிமமோ பெற்றிருத்தல் வேண்டும். உறையின்மேல் சேர்மானங்களை எடை மிகுந்ததிலிருந்து குறைந்தது வரை வரிசையாக அச்சிடுவதும், எடை, செய்த நாள், பயன்படுத்த ஏற்ற காலம் ஆகியவற்றைக் குறிப்பதும் கட்டாயம். முட்டை சேர்ந்த வில்லைக்குச் சைவப் பண்டத்திற்குரிய பச்சைக் குறி இடலாகாது. மயிலையில் விற்போர் இதில் சிறிதும் அயரக்கூடாது. விளம்பரக் கூற்றுகள் பற்றி 2018-ல் வந்த விதிகளின்படி, தேனோ பேரீச்சை மசியலோ இனிப்புக்காகச் சேர்த்த பண்டத்தின்மேல் ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று எழுதுவதும் முறையன்று. வாங்குவோரும் இவ்வரிசையைப் படித்துப் பழக வேண்டும். சேர்மானங்களில் முதலாவதாகப் பேரீச்சையோ தேனோ நின்றால் அது கொட்டை கலந்த இனிப்பு. எள்ளோ தேங்காயோ பாதாமோ முதலில் நின்றால் அது இனிப்புக் கலந்த கொட்டை. இரண்டிற்கும் ஒரே விலை கொடுத்தல் ஆகாது.

விற்பனைக்கு இடம் தேடுவோர்க்கு நுகர்வோர் கூட்டுறவுப் பண்டகசாலைகள் இயல்பான துணையாகும். 1904-ல் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம், உற்பத்தி செய்வோர்க்கும் உண்போர்க்கும் இடையே இடைத்தரகர் இன்றியும் பண்டம் செல்லலாம் என்னும் எண்ணத்தை இந்நகரத்தாரிடம் வேரூன்றச் செய்த பழம்பெரும் சங்கங்களுள் ஒன்று. எள் விளைவிக்கும் சங்கமும், வில்லை செய்யும் மகளிர் சங்கமும், விற்கும் பண்டகசாலையும் ஒன்றோடொன்று கை கோத்தால் மூன்றிற்கும் பயனுண்டு.

எச்சரிக்கைகள்

இவ்வில்லை உணவே அன்றி மருந்தன்று. நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ கொள்வோர் சோற்றைத் திடீரென்று நிறுத்தினால் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழக்கூடும். மருத்துவரைக் கேளாமல் உணவு முறையை மாற்றலாகாது. சிறுநீரகக் கல் உடையோர்க்குப் பாதாமும் எள்ளும் மிகுதியாவது நன்றன்று. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. சிறு குழந்தைகளுக்குக் கொட்டைத் துண்டுகள் தொண்டையில் சிக்கும் அபாயம் உண்டு. கொட்டைகளோ எள்ளோ ஒவ்வாதவர் இதனைத் தொடாதிருத்தல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, வில்லை ஒன்றில் 145 கலோரி உண்டு என்பதை மறவாதீர்கள். தேநீர், பன், பிஸ்கோத்து ஆகியவற்றுக்கு ஈடாக ஒன்று உண்டால் நன்மை. அவற்றோடு கூட இதையும் உண்டால் எடை ஏறுமேயன்றி இறங்காது.

பேலியோ விதி முழுவதையும் மேற்கொள்வது அவரவர் விருப்பம். ஆனால் இனிப்பைக் குறைத்து, விதையின் எண்ணெயாலேயே பிணைத்த ஒரு வில்லை எந்த விதியைச் சேர்ந்தவர்க்கும் ஏற்றது. தறியின் அருகில் பிஸ்கோத்துப் பொட்டலம் இருந்த இடத்தில் நாளை ஓர் எள் வில்லை இருக்கட்டும். எள் அறுவடையாகும் பருவத்தில் சங்கங்கள் இரண்டு மூட்டையைத் தனியே எடுத்து வைத்துச் சிறிய அளவில் செய்து பார்த்து, தம் ஏட்டில் எழுந்த கணக்கைப் பொதுக்குழுவின் முன் வைக்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.